பஸ் வரும் வரைக்கும்

மழை பெய்கிறது. இருட்டிக்கொண்டு வருகிறது. காட்டோரச் சாலையில் ஒரு பஸ் நிறுத்தம். குடை எடுக்காமல் போன அப்பாவுக்காக அக்காவும் தங்கையும் குடையோடு நிற்கிறார்கள். ஒரு பஸ் வருகிறது. அதில் அப்பா இல்லை. ஏறப்போகிறார்களா என்று கண்டக்டர் கேட்டுவிட்டுப் போகிறார். தங்கை சலித்துப்போய்ச் சாலையோரச் சின்னக் கோயிலுக்குள் எட்டிப் பார்த்து, அங்கே இருக்கும் நரிச் சிலைக்குப் பயந்து திரும்பிவருகிறாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்குத் தூக்கம் சொக்குகிறது. அக்கா அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு, குடைக்காம்பைத் தோளில் இடுக்கிக்கொள்கிறாள். மறுபடியும் மழைச் சத்தம்.

‘மை நெய்பர் டோட்டோரோ’வை என் அக்கா மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். அவளுக்கு அப்போது ஐந்து வயது. பொம்மைப் படம் என்றால் துரத்தலும் இடியும் சிரிப்புமாகவே பழகியவள். “பஸ் எப்ப மாமா வரும்?” என்றாள். வரும் என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அவளும் அந்த நிறுத்தத்தில் போய் நின்றுகொண்டாள்.

குடையின் விளிம்புக்குக் கீழே முதலில் தெரிவது நகம் வைத்த இரண்டு பெரிய பாதங்கள். அக்கா சாட்சுகி மெல்லக் குடையை உயர்த்துகிறாள். தலையில் ஒற்றை இலையோடு, மலை மாதிரி ஓர் உருவம் பக்கத்தில் நிற்கிறது. அதுவும் பஸ்ஸுக்குத்தான் நிற்கிறது! அப்பாவின் குடையை அதற்குக் கொடுக்கிறாள். குடையின்மேல் மழைத்துளி விழும் ஓசை டோட்டோரோவுக்குப் பிடித்துப்போகிறது. எம்பிக் குதித்துத் தரையில் தொப்பென்று இறங்க, மரங்களில் தேங்கிய தண்ணீரெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டுகிறது. பிறகு, பூனையே பஸ்ஸாக ஆன அந்த அற்புத வண்டி வருகிறது. இலையில் பொதிந்த ஒரு சின்னப் பொட்டலத்தைச் சாட்சுகியின் கையில் கொடுத்துவிட்டு, குடையையும் எடுத்துக்கொண்டு டோட்டோரோ ஏறிப்போகிறது. உலகமெங்கும் இந்தப் படத்தை நேசிப்பவர்கள் முதலில் சொல்லும் காட்சி இது. ஆனால் பூனை பஸ்ஸைவிட, அதற்கு முன்னால் அந்தப் பிள்ளைகள் நின்ற நேரம்தான் என்னைக் கட்டிப்போடுகிறது.

நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் ஒருவர் சும்மா நிற்பதைக் காட்டுவது பெரிய வேலை இல்லை. கேமரா ஓடினால் போதும். மூச்சும் இமைப்பும் காலை மாற்றி ஊன்றுவதும் தாமாகவே பதிவாகிவிடும். அனிமேஷனில் தாமாக எதுவும் வராது. திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒரே ஓவியத்தை இரண்டு மூன்று சட்டங்களுக்கு நிறுத்திவைத்தாலும், நொடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு ஓவியங்கள் வரைந்தாக வேண்டும். ஓடுகிறவனை வரைந்தால் உழைப்பு கண்ணுக்குத் தெரியும். நிற்கிறவளை வரைந்தால், சற்றுத் தவறினாலும் உயிர் போய் அட்டைப்படம் ஆகிவிடும். தூங்கும் பிள்ளையை முதுகில் சுமக்கும் பத்து வயதுப் பெண்ணின் முதுகு எவ்வளவு வளையும், எத்தனை நேரத்துக்கு ஒருமுறை அவளைத் தூக்கிச் சரிசெய்துகொள்வாள் என்பதை ஒருவர் உட்கார்ந்து யோசித்துப் பென்சிலால் கண்டுபிடிக்க வேண்டும். டோட்டோரோவை எடுத்த ஜிப்லி ஸ்டுடியோ இந்த வேலைக்குக் கணக்குப் பார்த்ததில்லை. 2013இல் வந்த ‘தி விண்ட் ரைஸஸ்’ படத்தில் நிலநடுக்கத்துக்குப் பின் கூட்டம் அலைமோதும் நான்கு நொடிக் காட்சி ஒன்று உண்டு. அதை வரைந்து முடிக்க எய்ஜி யமமோரி என்ற ஓவியருக்கு ஓராண்டும் மூன்று மாதமும் ஆயிற்று.

இந்த இரண்டு படங்களின் இயக்குநர் ஹயாவோ மியாசாகியை 2002இல் அமெரிக்க விமர்சகர் ராஜர் ஈபர்ட் சந்தித்தபோது, இந்த ஒன்றும் நடக்காத நேரங்களைப் பற்றிக் கேட்டார். மியாசாகி கைகளை மூன்று நான்கு முறை தட்டிக் காட்டினார். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே இருக்கும் வெளிக்கு ஜப்பானிய மொழியில் ‘மா’ என்று பெயர் என்று விளக்கினார். தாளம் போட்டுப் பாட்டுக் கேட்கும் நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கை விழாத இடமும் தாளத்தில் சேர்ந்ததுதான். எனக்கோ அதைக் கேட்டதும் ‘சும்மா’ என்ற நம் சொல்தான் நினைவுக்கு வந்தது. திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டால் சும்மா என்பார். எல்லாவற்றையும் விட்டுவிட்ட ஞானியின் நிலைக்கும் தமிழில் அதே சொல்தான். அந்த இரண்டு அர்த்தமும் ஒரே நேரத்தில் பொருந்தும் பஸ் நிறுத்தம் இது.

படத்தின் கதையைச் சொன்னால் இரண்டு வரிக்கு மேல் வராது. 1950களின் ஜப்பான். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அவளுக்கு அருகில் இருக்கலாம் என்று அப்பாவும் இரண்டு பெண்களும் டோக்கியோவுக்கு வெளியே ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறார்கள். வில்லன் என்று யாரும் இல்லை. பக்கத்துவீட்டுப் பாட்டி நல்லவள். குடையை நீட்டிவிட்டு வெட்கத்தில் மழையோடு ஓடும் கான்டாவும் நல்ல பையன். காட்டில் இருப்பதும் தூங்குமூஞ்சிப் பூதம்தான். பின் எதைக் கொண்டு 86 நிமிடம் படம் ஓடுகிறது? பிள்ளைகளின் உடம்பைக் கொண்டு என்பேன். புது வீட்டுக்குள் ஓடிவரும் சாட்சுகிக்கு ஷூவைக் கழற்றப் பொறுமையில்லை. பாதம் தரையில் படாமல் முட்டிபோட்டே நடந்து உள்ளே போகிறாள். நான்கு வயது மேய், அக்கா சொன்னதையெல்லாம் ஒரு நொடி பிந்தித் திருப்பிச் சொல்கிறாள். டோட்டோரோவின் வயிற்றில் அவள் விழும்போது அந்த வயிறு அமுங்கி மேலே வருவதைப் பார்த்தால், நம் கைக்கே அதன் மெத்தென்ற வெதுவெதுப்பு தெரிகிறது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து அம்மா சாட்சுகிக்குத் தலைவாரிவிடும் காட்சியை எத்தனை முறை பார்த்தேன் என்று சொல்ல முடியாது. முடியை இவ்வளவு குட்டையாக வெட்டிக்கொண்டாயா என்று அம்மா கேட்பதும், அடுத்து எனக்கு என்று மேய் முந்திக்கொண்டு வருவதும் ஒரு வீட்டின் சாதாரணச் சத்தங்கள். அம்மாவின் விரல் தலையில் படும்போது சாட்சுகியின் முகம் லேசாகத் தளர்கிறதே, அங்கேதான் அவள் இத்தனை நாளும் பெரியவளாக நடித்துக்கொண்டிருந்தது நமக்குத் தெரிகிறது. காலையில் எழுந்து எல்லோருக்கும் டப்பாவில் சோறு கட்டியவள் அவள். அம்மாவுக்கு என்ன நோய் என்று படம் பெயர் சொல்வதில்லை. மியாசாகியின் தாய் முதுகெலும்புக் காசநோயால் பல வருடம் படுக்கையில் கிடந்தவர் என்பது தெரிந்த பிறகு பார்த்தால், அந்தச் சீப்பு போகிற வேகத்தைக்கூட அவர் எங்கிருந்து எடுத்தார் என்று ஊகிக்கலாம்.

முதலில் திட்டமிட்டபோது கதையில் ஒரே ஒரு பெண்தான். பழைய போஸ்டரில் இன்றும் டோட்டோரோவின் பக்கத்தில் ஒருத்திதான் நிற்கிறாள்; சாட்சுகியும் மேயும் கலந்த முகம். இருவர் பெயருமே ஐந்தாம் மாதத்தைக் குறிப்பவை என்பதில் அந்த ஒருத்தியின் தடம் இன்னும் இருக்கிறது. ஒருத்தியை இரண்டாக்கியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! அக்கா இல்லாவிட்டால் பஸ் நிறுத்தத்தில் முதுகு ஏது?

பின்னணிகளைத் தீட்டிய கசுவோ ஓகாவைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். வடக்கே அகிதாவில் பிறந்தவர். கான்டோ சமவெளியின் செம்பழுப்பு மண்ணையும் வயல் வரப்பில் முளைத்த களைகளையும் போஸ்டர் கலரில் அவர் தீட்டியிருக்கும் விதம், காட்சியை நிறுத்திவைத்துப் பார்க்கத் தூண்டும். பகல் ஒன்பது மணி வெளிச்சமும் மாலை நாலு மணி வெளிச்சமும் அவரிடம் ஒன்றாக இருக்காது. படத்துக்கு அடித்தளமான சயாமா குன்றுகளின் காட்டைக் காக்க, நன்கொடை திரட்டி நிலத்தை வாங்கி வைக்கும் அமைப்பு ஒன்று டோட்டோரோவின் பெயரிலேயே இயங்குகிறது. ஓவியத்தில் பார்த்த மரத்துக்காக உண்மை மரத்தைக் காக்கப் புறப்பட்டிருக்கிறார்கள்.

1988 ஏப்ரல் 16இல் இந்தப் படம் தனியாக வரவில்லை. இசாவோ தகாஹதா இயக்கிய ‘மின்மினிகளின் கல்லறை’யோடு சேர்த்து ஒரே டிக்கெட்டில் காட்டினார்கள். அந்தப் படத்திலும் ஒரு நான்கு வயதுப் பெண், செட்சுகோ. 1945, குண்டு விழுந்து எரியும் கோபே நகரம், தாயை இழந்த அண்ணனும் தங்கையும், பிறகு பசி. ஒன்பது வயதில் ஒகயாமா நகரத்தின் குண்டுவீச்சில் தப்பி ஓடியவர் தகாஹதா. மிட்டாய் தீர்ந்த தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கித் தங்கைக்கு அண்ணன் கொடுப்பானே, அந்த இடத்தில் டப்பாவின் சத்தம் மாறுவதைக் கேளுங்கள். உருவங்களின் புறக்கோடுகளைக் கறுப்பில் போடாமல் பெரும்பாலும் பழுப்பில் போட்டார்கள். அதனாலேயே அந்தக் குழந்தையின் கன்னம் அவ்வளவு மென்மையாக, அவ்வளவு எளிதில் அழிந்துபோகக்கூடியதாகத் தெரிகிறது. ஒரே நாளில் இரண்டையும் பார்த்து வெளியே வந்தவர்களின் நிலை என்னவாக இருந்திருக்கும்! அரங்கில் அன்று பெரிய வசூல் இல்லை. மறுவருடம் தொலைக்காட்சியில் வந்த பிறகே டோட்டோரோ வீடுவீடாகப் போனது.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது கொடுமை என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்த்தவன். எனக்கு அது கொடுமையாகப் படவில்லை. செட்சுகோவைப் பார்த்த பிறகு மேய் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். ஓடைத் தண்ணீரில் குளிரவைத்த வெள்ளரிக்காயைப் பாட்டியின் தோட்டத்தில் கடிக்கிறாளே, அது எவ்வளவு பெரிய செல்வம் என்று அப்போது தெரியும்.

மியாசாகியின் உச்சம் 2001இன் ‘ஸ்பிரிட்டட் அவே’தான் என்பது பலருடைய தீர்ப்பு. பெர்லினில் தங்கக் கரடியும் பிறகு ஆஸ்கரும் வாங்கிய படம், மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் படத்திலும் என் மனம் போய் உட்காரும் இடம், தண்ணீருக்கு மேல் ஓடும் ரயிலில் சிஹிரோ பேசாமல் அமர்ந்து போகும் அந்தப் பயணம்தான். அவளும் அதே பஸ் நிறுத்தத்தில் ஏறியவள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

டோட்டோரோவின் கடைசிப் பகுதியில் மேய் காணாமல் போகிறாள். தோட்டத்துச் சோளக்கதிரைத் தின்றால் அம்மாவுக்கு உடம்பு தேறும் என்று நம்பி, ஒரு கதிரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தனியாகக் கிளம்பிவிட்டாள். ஊரே தேடுகிறது. குளத்தில் ஒரு குழந்தையின் செருப்பு கிடைக்கிறது. சாட்சுகி ஓடிவந்து பார்த்து, மேயுடையது இல்லை என்று சொல்லும்வரை என் அக்கா மகள் என் கையை விடவே இல்லை. பூனை பஸ் தங்கையிடம் அக்காவைச் சேர்க்கிறது. இருவரையும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகிறது. ஆனால் அவர்கள் உள்ளே போகவில்லை. ஜன்னலுக்கு எதிரே மரக்கிளையில் உட்கார்ந்து, அம்மாவும் அப்பாவும் பேசிச் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். மரத்தில் பிள்ளைகள் சிரித்த மாதிரி இருந்தது என்கிறாள் அம்மா. ஜன்னல் திண்டில் சோளக்கதிர் இருக்கிறது. அதன் தோலில் ‘அம்மாவுக்கு’ என்று கீறி எழுதியிருக்கிறது.