பணி நிறைவைச் சான்றாகக் கொள்ளும் பொருளியல்

தொழிலாளி தன் வேலையைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதைப் பொருளியலாளர்கள் நெடுங்காலம் சான்றாக மதிக்கவில்லை. ஒருவரின் விருப்பத்தை அவர் வாய்ச்சொல்லைக் கேட்டு அறிய வேண்டியதில்லை, எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதைப் பார்த்தால் போதும் என்பது பால் சாமுவேல்சன் 1938இல் தொடங்கிவைத்த சிந்தனை. கூலி, வேலை நேரம், விலகல் ஆகியவை கணக்கில் சேர்ந்தன. மனநிறைவு உளவியலுக்கு விடப்பட்டது.

இந்தத் தயக்கத்தை உடைத்தவர்களுள் முதன்மையானவர் ரிச்சர்ட் ஃப்ரீமன். ஒரே தொழிலாளர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த அமெரிக்கக் கருத்தாய்வுகளைக் கொண்டு அவர் 1978இல் எழுதிய கட்டுரை, இன்று குறைந்த நிறைவைச் சொல்பவர் பின்னர் வேலையை விட்டுப் போவதற்கான வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. கூலியைக் கணக்கில் எடுத்த பின்பும் இந்தத் தொடர்பு நின்றது. ஆகவே அந்தப் பதில் வெறும் முணுமுணுப்பு அன்று. ஊதியப் பட்டியலில் வராத ஒன்றை அது சுமந்து வருகிறது.

ஆனால் அதே கட்டுரையில் ஒரு முரணும் இருந்தது. தொழிற்சங்க உறுப்பினர்கள் மற்றவர்களைவிடக் குறைவான நிறைவையே தெரிவித்தனர். வேலையை விட்டு விலகுவதோ அவர்களிடம்தான் குறைவு. குறையை உரக்கச் சொல்லச் சங்கம் இடம் தருகிறது, அதனால் குறை கூடுதலாகப் பதிவாகிறது என்றார் ஃப்ரீமன். இது சரியானால், குறைந்த மதிப்பெண் எப்போதும் மோசமான வேலையைக் குறிக்காது. இந்த முறையின் வலிமையும் பலவீனமும் தொடக்கத்திலேயே ஒன்றாக வெளிப்பட்டன எனலாம்.

முறை நன்றாகப் பயன்பட்ட இடம் ஊதிய ஒப்பீடு. சுமார் 5,000 பிரிட்டன் தொழிலாளர்களின் பதில்களை ஆராய்ந்த ஆண்ட்ரூ கிளார்க்கும் ஆண்ட்ரூ ஆஸ்வால்டும், தம்மைப் போன்றவர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பது நிறைவை ஆழமாகப் பாதிக்கிறது என்று 1996இல் எழுதினர். இதைவிட உறுதியான சான்று கலிபோர்னியாவிலிருந்து வந்தது. அங்கே அரசு ஊழியர்களின் சம்பளம் பொதுத்தகவல் ஆனபின், 2008இல் ஒரு நாளிதழ் அதைப் பெயர்வாரியாகத் தேடும் இணையதளம் அமைத்தது. டேவிட் கார்டும் அவருடைய கூட்டாளிகளும் பல்கலைக்கழக ஊழியர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அந்தத் தளத்தைப் பற்றி மின்னஞ்சலில் தெரிவித்தனர். சில நாள் கழித்து எல்லாரிடமும் நிறைவைக் கேட்டனர். செய்தி பெற்றவர்களில், தம் துறையின் இடைநிலைச் சம்பளத்துக்குக் கீழே இருந்தோரின் நிறைவு சரிந்தது, வேறு வேலை தேடும் எண்ணமும் கூடியது. மேலே இருந்தோரிடம் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. யாருடைய சம்பளமும் ஒரு காசுகூட மாறாத நிலையில் நிகழ்ந்த இந்த மாற்றத்தை, கூலிக் கணக்கு மட்டுமே வைத்திருக்கும் ஆய்வாளர் கண்டிருக்கவே முடியாது.

சிக்கல் எழுவது, இரு குழுக்களின் மதிப்பெண்களை அருகருகே வைத்துத் தீர்ப்புச் சொல்லும்போது. குறைந்த ஊதியம் பெற்றும் பிரிட்டன் பெண்கள் ஆண்களைவிட அதிக நிறைவைச் சொன்னார்கள் என்று கிளார்க் 1997இல் காட்டினார். எதிர்பார்ப்பே தாழ்ந்திருந்ததுதான் காரணம் என்பது அவர் விளக்கம். இளம் பெண்களிடமும் உயர்கல்வி பெற்றவர்களிடமும் அந்த வேறுபாடு காணப்படவில்லை. இதை அறியாமல் சராசரியை மட்டும் பார்க்கும் கொள்கை வகுப்பாளர், பெண்களுக்குப் பணியிடத்தில் குறையில்லை என்று முடிவு கட்டிவிடக்கூடும். அநீதிக்குப் பழகிப்போனதையே நலமாகப் பதிவுசெய்யும் இந்த ஆபத்து, முறையின் மற்றெல்லாக் குறைகளையும்விடக் கடுமையானது.

கேள்வித்தாளும் பதிலை மாற்றுகிறது. பிரிட்டனின் குடும்பக் கருத்தாய்வில், 1991இல் ஏழு புள்ளி அளவுகோலின் சில புள்ளிகளுக்கு மட்டுமே சொல் விளக்கம் இருந்தது. அடுத்த ஆண்டு ஏழுக்கும் எழுதப்பட்டது. இத்தகைய சிறு மாற்றங்களே பதில்களின் பரவலைப் பெரிதும் மாற்றி, ஆண்–பெண் ஒப்பீட்டைக்கூடத் திரிக்கின்றன என்று கேப்ரியெல்லா கோன்டியும் ஸ்டீபன் பட்னியும் 2011இல் நிறுவினர்.

மரியான் பெர்ட்ரண்டும் செந்தில் முல்லைநாதனும் 2001இல் வகுத்த எல்லை இங்கே உதவுகிறது. மனப்பாங்கைக் கொண்டு நடத்தையை விளக்குவது பயனுள்ளது. மனப்பாங்கையே விளக்கப்பட வேண்டிய விளைவாக வைத்தால், பதிலில் உள்ள பிழை மனிதரின் பண்புகளோடு பின்னிக்கொண்டு முடிவைக் கெடுக்கும். ஒரே நபரை ஆண்டுதோறும் கேட்டால், அவரது இயல்பான மகிழ்ச்சியோ சலிப்போ கணக்கிலிருந்து நீங்கும். பழகிப்போவதால் வரும் மாற்றம் நீங்காது. கற்பனைத் தொழிலாளி ஒருவரின் நிலையை விவரித்து எல்லாரையும் அவருக்கு மதிப்பெண் இடச் சொல்லி, அதைக் கொண்டு அளவுகோல்களைச் சமன்படுத்தும் உத்தியும் உண்டு. பிறரை மதிப்பிடும் அதே கோலால்தான் ஒருவர் தன்னையும் மதிப்பிடுகிறார் என்ற அனுமானம் பொருந்தும் இடங்களில் மட்டுமே அது பலன் தரும்.