மனிதருக்கேற்ற தொழில்நுட்பம்: திருவனந்தபுரத்தின் இரு பள்ளிகள்

மக்கள் புழங்கும் கருவியை எதைக் கொண்டு மதிப்பிடுவது என்னும் கேள்விக்கு, காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பா கிராமத் தொழில்களை முன்னிறுத்தியும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் 'அஸ்த்ரா' என்னும் ஊரகத் தொழில்நுட்பப் பிரிவை உருவாக்கிய ஏ. கே. என். ரெட்டி, தேவை, தற்சார்பு, சூழல் இசைவு ஆகிய மூன்றையும் ஒருங்கே வற்புறுத்தியும் விடை தேடினர். அவ்விடைகள் செங்கல்லிலும் உலோகத்திலும் சோதித்துப் பார்க்கப்பட்ட இடங்கள் திருவனந்தபுரத்தின் ஸ்ரீவராகம் கோயில் குளத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே இருக்கின்றன.

முதற்பள்ளி கட்டடக் கலைஞர் லாரி பேக்கருடையது. விரிவான வரைபடத்தைவிட மனையையும் கொத்தனாரின் கையையும் நம்பிய அவர், செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு' முறையைப் பரவலாக்கினார். இதனால் செங்கல் ஏறத்தாழ கால்பங்கு மிச்சமாவதோடு, உள்ளிருக்கும் காற்று வெயிலின் சூட்டையும் தடுக்கிறது. எனினும் தம்பானூரில் அவர் கட்டிய இந்தியன் காபி ஹவுசின் சுருள்சரிவில் மேசையும் இருக்கையும் கட்டடத்தோடு கட்டடமாகவே அமைந்திருப்பதால், ஐந்தாவது ஆள் வந்தால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ள வழியில்லை. சிக்கனமும் காற்றோட்டமும் வென்ற இடத்தில் பயன்படுத்துவோரின் விருப்பம் சற்றே தோற்றிருக்கிறது.

மற்றது பூஜப்புரை சாட்டல்மண்ட் அரண்மனையில் இயங்கும், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு. வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதடைந்த ஏழைகளுக்கு இறக்குமதி வால்வு எட்டாத விலையாயிருந்த காலத்தில், இதய அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தான் தலைமையிலான குழு, படிகத் தட்டைக் கொண்டும் முயன்று, மூன்று மாதிரிகள் தோற்ற பின்னர், உலோகக் கூட்டினுள் உறுதிமிக்க பாலிஎத்திலீன் தட்டு சாய்ந்து திறக்கும் நான்காவது மாதிரியை 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தச் செய்தது. தட்டு பிளாஸ்டிக்காக இருப்பதால் மூடும்போது எழும் ஓசை குறைவு. நள்ளிரவில் தன் நெஞ்சிலிருந்து 'டக் டக்' என்று கேட்டுக்கொண்டு கிடப்பவருக்கு அது சிறிய விஷயமன்று.

வீட்டைக் குடியேறிய பிறகும் திருத்தலாம், வால்வைத் திருத்த முடியாது. ஆகவே பேக்கரின் தளர்வு வால்வில் பிழையாகிவிடும், வால்வுக்குரிய கண்டிப்பு வீட்டில் தேவையற்ற செலவாகிவிடும். பழுதை யார், எப்போது சரிசெய்ய முடியும் என்பதைப் பொறுத்தே அளவுகோல் மாற வேண்டும் என்று கொள்வதே பொருத்தம். அந்தக் கணக்கில், வால்வு பொருத்திக்கொண்டவர் இரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுதும் விழுங்கும் மாத்திரையும், அதற்காக அவ்வப்போது செய்துகொள்ளும் இரத்தப் பரிசோதனையும், பரிசோதனைக் கூடத்துக்கான பேருந்துக் கட்டணமும் சேர்ந்தே வரவேண்டும்.