சுக்குத் தண்ணியும் தொட்டாங்குச்சியும்

எம்.ஏ. வகுப்பில் கீழ்க்கணக்கு நடத்தும்போது சொல்லப்பட்ட விளக்கம் இது. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் உடல் நோயைத் தீர்ப்பதுபோல, பாட்டுக்கு மூன்று கருத்தாக நல்லாதனார் சொல்லும் 100 பாட்டும் மன நோயைத் தீர்க்கும்; அதனால்தான் திரிகடுகம் என்று பெயர். சிறுபஞ்சமூலமும் ஏலாதியும்கூட மருந்துப் பெயர்கள்தான். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். மருந்தை யாருக்கு எதில் ஊற்றினார்கள் என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. தெரிந்திருந்த நானும் கேட்கவில்லை.

நான் சிறுபிள்ளை. மஞ்சள் வெட்டில் அம்மாவுக்குக் காய்ச்சல். பண்ணயக்காரர் வீட்டம்மா சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டு, கருப்பட்டி கரைத்து, சுடச்சுடக் கொண்டு வந்தார். நல்ல மனசுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். வேலியில் செருகியிருந்த தொட்டாங்குச்சியை எடுத்து வந்து அம்மா குத்தவைத்து ஏந்தினார். அந்தம்மா ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றினார்.

“குடி புள்ள, காச்சல் உட்டுரும். குடிச்சுப்போட்டு மீதி ரண்டு பாத்தியயும் வெட்டிப்போடு.”

“ஆகட்டுங்க சாமி.”

கையில் தெறித்த சூட்டைப் பற்றி அம்மா ஒன்றும் பேசவில்லை.

இன்று கொங்கு மண்ணின் பெருமை பேசும் கட்டுரைகளில் சுக்குக் காப்பி மணக்கிறது. ‘நம்ம பாட்டி வைத்தியம்’ என்கிறார்கள். அந்த ‘நம்ம’வுக்குள் யார் யார்? அம்மி இருக்கிறது, திண்ணை இருக்கிறது, தொட்டாங்குச்சி இல்லை. மல்லி பிடுங்கிய கூலிப் பெண்ணும், பிள்ளை பெற்றவளுக்கு மருந்து அரைத்துக் கொடுத்த நாவிதர் வீட்டு மருத்துவச்சியும் இல்லை. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவனைக் கதையின் நடுவில் வைத்தது 2000இல். அதற்குப் பிறகும் இப்படி எழுதுவது அறியாமை அல்ல.

2020இல் கொரோனாவுக்குக் கபசுரக் குடிநீர் வீதி வீதியாகக் கொடுக்கப்பட்டது. “எல்லாருக்கும் ஒரே காகித டம்ளர், பாத்தீங்களா தோழர்?” என்றார் ஒருவர். பார்த்தேன். அந்த டம்ளர்களைக் கூட்டி அள்ளியவர்கள் யாரென்றும் பார்த்தேன். டீக்கடையில் ஊர்க்காரருக்குக் கண்ணாடி டம்ளரும் சேரிக்காரருக்குக் காகித டம்ளரும் கொடுத்தால், இரட்டைக் குவளை அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவின் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்கிறது.

சுக்குத் தண்ணியின் மருத்துவக் குணத்தோடு எனக்குச் சண்டையில்லை. அன்று அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டது. ஆனால் மருந்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பாத்திரத்தையும் எழுத வேண்டும். கருணையை எழுதுகிறவர்கள் அது ஊற்றப்பட்ட உயரத்தையும் எழுத வேண்டும். அவர்கள் எழுதாவிட்டால் நாம் எழுதுவோம்.

எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அம்மா இன்றும் சுக்குத் தண்ணிதான் வைக்கிறார். எவர்சில்வர் டம்ளரில் நிறைய ஊற்றி, பக்கத்தில் உட்கார்ந்து, கையில் கொடுக்கிறார்.