கணினி விளையாட்டும் இரண்டாம் மொழிக் கற்றலும்: ஒரு மறுநோக்கு

இரண்டாம் மொழி வகுப்பறையில் கணினி விளையாட்டின் பயன்பாட்டை வரவேற்போர், ஒரு கருத்தை ஐயத்திற்கு இடமற்றதாகவே கொள்கின்றனர். மாணவர் பார்வையாளராக இராமல் செயலில் ஈடுபடுவதால் மொழி எளிதில் மனத்திற் பதியும் என்பதே அது. இக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை இங்கு ஆராய விழைகின்றோம்.

ஜேம்ஸ் பால் கீ 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், நல்ல விளையாட்டுகளில் அமைந்துள்ள 36 கற்றல் கொள்கைகளை எடுத்துரைக்கிறது. ஆயினும், அது கற்றலைப் பொதுநிலையில் நோக்கும் நூலேயன்றி, இரண்டாம் மொழிச் சொற்கள் நினைவில் தங்குகின்றனவா என அளந்த ஆய்வன்று.

அவ்வாறு அளந்த ஆய்வொன்றை டிஹான், ரீட், குவாடா ஆகியோர் 2010இல் வெளியிட்டனர். ஜப்பானியப் பல்கலைக்கழக மாணவர் 80 பேர் இணைகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒருவர் ஆங்கில இசை விளையாட்டொன்றை 20 நிமிடம் ஆட, மற்றவர் அதனை வேறொரு திரையில் பார்த்தார். ஆடியவர்களைக் காட்டிலும் பார்த்தவர்களே மிகுதியான சொற்களை நினைவுகூர்ந்தனர். தாளத்திற்கேற்பப் பொத்தானை அழுத்துவதிலேயே கவனம் செலவாகியமையால், ஆடியவர்களுக்குச் சொல்லைக் கருத்தில் இருத்துவது கடினமாயிற்று. விரைவு மிக்க ஓர் இசை விளையாட்டின் முடிவை எல்லா விளையாட்டுகளுக்கும் ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. எனினும், ஈடுபாடு மட்டுமே மொழியைக் கற்பித்துவிடும் என்னும் நம்பிக்கையை இம்முடிவு அசைக்கின்றது. 'தி சிம்ஸ்' விளையாட்டைக் கொண்டு மில்லரும் ஹெகல்ஹைமரும் 2006இல் வெளியிட்ட ஆய்வும், துணைப்பயிற்சிகள் கட்டாயமாக்கப்பட்ட நிலையிலேயே சொல்லறிவு சிறந்தமையைக் காட்டிற்று.

இனி, தமிழுக்கு வருவோம். பலூனை உடைத்து ல, ள, ழ வேறுபாடு அறியும் வகையிலான விளையாட்டை எடுத்துக்கொள்வோம். சொல்லின் பொருளை அறியாத மாணவரும் மூன்று எழுத்துகளையும் மாறிமாறித் தொட்டு வென்றுவிடலாம். இது பயிற்சி நூலின் கோடிட்ட இடத்திற்கு வண்ணம் பூசியதேயாகும். மொழியைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த கட்டத்திற்குச் செல்ல இயலுமா என்பதே விளையாட்டை மதிப்பிடும் முதல் வினாவாதல் வேண்டும்.

மேலும், பார்வையாளரையும் நாம் பயன்கொள்ளலாம். கணினிக்கு இருவரை அமர்த்தி, ஒருவரிடம் ஆட்டத்தையும் மற்றவரிடம் எழுத்துத்தமிழில் அமைந்த வழிக்குறிப்பையும் கொடுக்கலாம். குறிப்பைப் படித்தவர் அதனைப் பேச்சுத்தமிழில் சொன்னாலன்றி ஆடுபவர் நகர இயலாது. சிங்கப்பூரில் 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத்தமிழுக்கு அளித்த முதன்மையோடு இம்முறை இயைந்து செல்வதாகும். வீட்டில் ஆங்கிலமே பேசும் மாணவருக்கு, தமிழைப் பேசியே தீரவேண்டிய தேவையை இது உருவாக்கும்.

இஃது இன்னும் சோதித்தறியப்பட வேண்டிய முன்மொழிவே. ஆட்டம் முடிந்தவுடனும் இரு வாரங்கள் கழித்தும் சொற்சோதனை நடத்தி இதன் பயனை ஆசிரியர்கள் கண்டறியலாம். மாணவர் மகிழ்ந்தனர் என்பது வரவேற்கத்தக்கதே. ஆனால், அவர்கள் தமிழ் கற்றனர் என்பதற்கு அது சான்றாகாது.