சந்தைவெளியும் ஒலிபெருக்கியும்

நற்செய்திப் பணியில் பொது இடப் பிரசங்கத்திற்கு இன்று இடம் உண்டா என்னும் வினாவிற்கு நம் திருச்சபைகளில் இரு வகையான விடைகள் கூறப்பட்டு வருகின்றன. அதன் காலம் முடிந்துவிட்டது, சாட்சியுள்ள வாழ்க்கையே போதுமானது என்பர் ஒரு சாரார். இக்காலத்திலன்றோ அஞ்சாது முழங்க வேண்டும் என்பர் மற்றொரு சாரார். முந்தியவர் பெரும்பாலும் இறையியற் கல்லூரிகளில் பயின்றவர். பிந்தியவர் பெரும்பாலும் நம் கல்லூரிகளை ஐயத்துடன் நோக்குபவர். ஆனால் ஒன்றில் இரு சாராரும் உடன்படுகின்றனர். பிரசங்கம் என்பது ஒருவர் பேச, பலர் வாய்பொத்திக் கேட்பது என்றே இருவரும் எண்ணுகின்றனர். அதனை வேண்டாம் என்கிறார் ஒருவர். வேண்டும் என்கிறார் மற்றவர். அவ்வெண்ணமே திருமறைக்கும், நம் நாட்டு மிஷன் வரலாற்றுக்கும் பொருந்தாதது என்பதை எடுத்துக்காட்ட விழைகிறோம்.

பொதுப்படப் பேசுவதைவிட ஓர் ஊரை முன்வைத்துப் பேசுவது நலம். தேனி மாவட்டத்தில், கடமலைக்குண்டைக் கடந்து வருசநாடு செல்லும் சாலையில், மூல வைகையின் ஓரமாக மயிலாடும்பாறை அமைந்துள்ளது. மழை பெய்தால் மட்டும் ஆறாகத் தோன்றும் ஆறு. சுற்றிலும் மானாவாரி நிலங்கள், அவற்றுக்கு அப்பால் மலைகள். அம்மலைக் காடுகள் 2021-இல் திருவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டபின், மழையைப் பற்றிய கவலையோடு நிலத்தைப் பற்றிய கவலையும் அடிவாரத்து மக்களுக்குச் சேர்ந்துகொண்டது. இத்தகைய ஊர்களுக்கு நற்செய்திக் குழுக்கள் வேனில் வருகின்றன. வண்டியின்மேல் இரண்டு ஒலிபெருக்கிக் குழல்கள். பேருந்து நிற்கும் இடத்தில் ஒரு பாடல், ஒரு சாட்சி, பத்து நிமிடப் பிரசங்கம், கைப்பிரதிகள். பின்பு அடுத்த ஊர். மாலைக்குள் எத்தனை ஊர்கள் 'சந்திக்கப்பட்டன' என்று எண்ணி அறிக்கை எழுதப்படுகிறது.

'சந்திக்கப்பட்டன' என்னும் இச்சொல்லைச் சற்று ஆராய வேண்டும். அப்படி ஒரு குழு வந்து சென்ற அன்று மாலை, தேநீர்க் கடையில் ஒரு முதிய விவசாயி நம்மிடம் கூறியதை அவர் சொற்களிலேயே தருகிறோம். "மைக்குல பேசுறவர எப்படிங்கய்யா குறுக்க கேக்குறது? நோவு தீரும்னு சொல்றாரு. எம் மகளுக்கு ரெண்டு வருசமா க.விலக்கு ஆசுபத்திரியில மாத்திரை வாங்கிக்கிட்டு இருக்கோம். மாத்திரை வேண்டாங்குறாரா, இல்ல அதையும் குடுத்துக்கிட்டு சாமியையும் கும்பிடுங்குறாரா? அதக் கேக்கலாம்னுதான் கிட்டப் போனேன். வண்டி கெளம்பிருச்சு."

இது எளிய வினா அன்று. கடவுள் அருளும் நலமும் மருத்துவமும் எவ்வாறு உறவுடையன என்பதற்கு நம் வகுப்பறையில் ஒரு பருவம் முழுவதும் செலவிடுகிறோம். அதே வினாவை அப்பெரியவர் ஒரு தந்தையின் கவலையோடு எழுப்பினார். விடை சொல்லத்தான் ஆள் இல்லை. அவர் தம் மனப்போக்கில் ஒரு விடையை வருவித்துக்கொண்டு மருந்தை நிறுத்தியிருந்தால், அதற்குப் பொறுப்பேற்க அவ்வண்டியில் எவரும் இருந்திரார். பொது இடப் பிரசங்கத்தைப் பற்றிய விவாதத்தில் நாம் பாதுகாக்க வேண்டியது பிரசங்கியாரின் துணிவையோ நம் கல்லூரிகளின் நாகரிகத்தையோ அன்று, இம்மனிதரையே ஆகும்.

முற்காலத்தில் இது வேறுவிதமாய் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து 1834-இல் மதுரைக்கு வந்து ஊழியத்தைத் தொடங்கிய அமெரிக்க மிஷனெரிமாரும், அவர்களோடு உழைத்த தமிழ் உபதேசியார்களும் கூடாரங்களை எடுத்துக்கொண்டு ஊர் ஊராய்ச் சென்று பிரசங்கிப்பதை ஓர் ஒழுங்கான ஊழியமாகவே நடத்தினர். பெரியகுளம் பகுதியும் கம்பம் பள்ளத்தாக்கும் அவர்கள் கால்பட்ட நிலங்களே. குரலுக்கு எட்டிய தூரமே அவர்களுடைய சபையாயிற்று. அக்கால மிஷன் அறிக்கைகளை வாசிப்போர் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியாது: பிரசங்கத்தின் பொருளைவிடக் கேட்டோர் எழுப்பிய குறுக்குக் கேள்விகளே அவற்றில் மிகுதியும் இடம்பெறுகின்றன. கடவுளைக் கண்டவர் யார், இதற்கு உமக்குச் சம்பளம் எவ்வளவு, எங்கள் முன்னோர் எல்லாரும் நரகத்திற்குப் போய்விட்டார்களா என்றெல்லாம் சாவடியில் கேட்டார்கள். உபதேசியார் அன்றிரவு அந்த ஊரிலேயே தங்க வேண்டியிருந்தபடியால் விடை கூறாமல் தப்ப முடியவில்லை. மாட்டு வண்டி மெதுவாய்ச் சென்றதும் ஒரு கிருபையே.

அக்காலத்தை நாம் பொன்னுலகமாகக் காட்ட முற்படவில்லை. பிறருடைய வழிபாட்டை இழித்துரைப்பதே சாட்சி என்று மயங்கியவர் அன்றும் இருந்தனர். மேலும், சாவடியில் அமர்ந்து கேள்வி கேட்கும் உரிமை சாதியுடையோருக்கே இருந்தது. சேரியினர் தொலைவில் நின்று கேட்டனர், அல்லது கேட்கவே இல்லை. ஆயினும் பிற்காலத்தில் கூட்டமாய்த் திருச்சபைக்குள் வந்தவர்களில் பெரும்பாலோர் அவர்களே என்பது, நாம் யாரை நோக்கிப் பிரசங்கித்தோமோ அவர்கள் வேறு, வந்தவர்கள் வேறு என்னும் தாழ்மையான பாடத்தைக் கற்பிக்கிறது.

இப்பிரசங்க முறையின் ஆற்றலை நன்கு உணர்ந்தவர் நம்மவரல்லாத ஒருவர். யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் ஐயருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். மிஷனெரிமாரிடம் கண்ட முறையை அவர்களுக்கு மறுமொழியாகவே அவர் திருப்பினார். இதனை நம் எழுத்தாளர் சிலர் ஓர் இழப்பாகக் குறிப்பிடுவதுண்டு. நமக்கோ அப்படித் தோன்றவில்லை. பேச்சுக்குப் பேச்சு எழுவதே பொது இடத்தின் இயல்பு. மறுமொழி எழாத பிரசங்கத்தை எவரும் பொருட்படுத்தவில்லை என்றே கொள்ள வேண்டும். மதுரையில் தங்கி மேடைத் தமிழை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் பெர்னார்ட் பேட் 2016-இல் மறைந்தார். 2021-இல் வெளிவந்த அவருடைய நூல், எளியோரையும் நோக்கிப் பொதுவெளியில் பேசும் இம்மிஷன் முறையிலிருந்தே சுதேசி இயக்கக் காலத்து மேடைப் பேச்சும், அதன் வழியே தமிழ் அரசியல் மேடையும் உருவாயின என்று விரிவாக வாதிடுகிறது. இதனைப் படித்துப் பெருமை கொள்வோர் அடுத்த படியையும் காண வேண்டும். நாம் கொடுத்த மேடையை அரசியலார் உயர்த்திக் கட்டினர். தோரணமும் ஒளிவிளக்கும் சேர்த்தனர். பின்னர் நாம் அவர்களிடமிருந்தே அதைக் கடன் வாங்கினோம். இன்று நம் பெருவிழாக்களின் பதாகைகளில் பிரசங்கியாரின் முகம் ஆளுயரத்திற்கு இருக்கிறது. ஆண்டவரின் பெயரைத் தேடித்தான் வாசிக்க வேண்டியுள்ளது.

திருமறைக்கு வருவோம். சி. எச். டாட் 1936-இல் வெளியிட்ட நூலின்மூலம் 'கெரிக்மா' என்னும் சொல்லை நம் வகுப்பறைகள் எல்லாம் அறிந்தன. கட்டியக்காரன் அறிவிப்பது என்பது அதன் பொருள். பொது இடப் பிரசங்கத்தை ஆதரிப்போர் இச்சொல்லையே கொடியாகப் பிடிக்கின்றனர், அதில் தவறில்லை. ஆனால் அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரத்தில், பவுல் அத்தேனே பட்டணத்துச் சந்தைவெளியில் எதிர்ப்பட்டவர்களோடு நாள்தோறும் செய்ததைக் குறிக்க லூக்கா பயன்படுத்தும் வினை வேறு. 'தியலெகோமாய்' என்னும் அவ்வினை, எதிர்நிற்பவரோடு உரையாடி வாதிப்பதைக் குறிப்பது. எபேசுவில் திறன்னு என்பவனுடைய வித்தியாசாலையில் நடந்ததற்கும் 19-ஆம் அதிகாரம் இதே வினையைப் பயன்படுத்துகிறது. அங்கே அது இரண்டு ஆண்டுகள் நடந்தது. பத்து நிமிடம் அன்று, இரண்டு ஆண்டுகள்! அத்தேனேயில் விளைவு என்ன? சிலர் நகைத்தனர், சிலர் பிறகு கேட்போம் என்றனர், சிலர் நம்பினர். இம்மூவகையினரையும் லூக்கா பிரித்தறிய முடிந்தது, அவர்கள் வாய் திறந்து பேசியதனால் அன்றோ!

கட்டியக்காரன் என்னும் உவமையையும் நம் மண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். நம் கிராமத்துக் கட்டியக்காரன் யார்? தண்டோரா போட்டவரே. அரசின் ஆணையையும் ஊரின் முடிவையும் தெருமுனையில் பறையடித்துச் சொன்னவர். பெரும்பாலும் சேரியைச் சேர்ந்தவர். சொன்ன செய்திக்கு அதிகாரம் இருந்தது, சொன்னவருக்கு இல்லை. அவரை நிறுத்தி எவரும் கேள்வி கேட்கலாம், ஏசவும் செய்யலாம். அவ்விழிவைச் சகித்துக்கொண்டே செய்தியைச் சுமந்தார். தாம் அனுப்பப்பட்டவர் என்பதைத் தவிர வேறு பெருமை இல்லாத அப்போஸ்தலனுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் உருவம் நமக்குத் தோன்றவில்லை. 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் தண்டோரா முறைக்குத் தடை விதிக்குமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். வாகனங்களில் ஒலிபெருக்கி அமைத்து அறிவிக்கலாம் என்றும் அதில் கூறப்பட்டது. மிகவும் நீதியான முடிவு. ஒரு மக்கள்மேல் சுமத்தப்பட்ட இழிவை நீக்க ஒலிபெருக்கி உதவுமாயின் அதனைப் பழிப்பது நமக்கு அழகல்ல. கருவி குற்றமற்றது. தண்டோராக்காரரின் செய்தியை நாம் எடுத்துக்கொண்டோம். அவருடைய தாழ்ந்த நிலையை எடுத்துக்கொள்ள மறுத்தோம். குற்றம் அங்கேதான்.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனெனில் நம் இளைஞர் பலர் இதனைத் துன்புறுத்தல் என்னும் ஒரே சொல்லால் விளக்கிவிடுகின்றனர். துன்புறுத்தல் உண்டு, அதனை மறுப்பவர் செய்தித்தாள் படிப்பவர் அல்லர். ஆனால் எல்லாத் தடையும் துன்புறுத்தல் ஆகாது. சென்னையில் 'சர்ச் ஆஃப் காட்' சபை ஒன்றிற்கும் அண்டை வீட்டாரின் நலச்சங்கத்திற்கும் இடையே எழுந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பளித்தது. பிறருடைய அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியாலும் மேளத்தாலும் வழிபட வேண்டுமென எம்மதமும் விதிக்கவில்லை என்பது அதன் சாரம். அதே ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதித்தன. அயலாரை நேசிக்கக் கற்பிக்கும் சபையின்மேல் அயலாரே வழக்காட நேர்ந்தது! அவர்கள் எதிர்த்தது சிலுவையை அன்று, உறக்கக் கேட்டை. அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவில் மதத்தைப் பரப்பும் உரிமை 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கடுமையாக விவாதிக்கப்பட்டது. முன்ஷி போன்ற கிறிஸ்தவரல்லாத உறுப்பினரும் அதனை ஆதரித்தபடியால் நிலைபெற்றது. 1977-இல் ஸ்தனிஸ்லாஸ் வழக்கில், பரப்பும் உரிமை பிறரை மதம் மாற்றும் உரிமையை உள்ளடக்காது என உச்ச நீதிமன்றம் கூறிற்று. அத்தீர்ப்பை இறையியலார் பலர் குறைகூறினர். குறைகூற இடமும் உண்டு. எனினும் கேட்பவரின் மனச்சான்று அவருடையதே என்பதை நீதிமன்றம் சொல்லித்தான் நாம் அறிய வேண்டுமா?

இனி, வாழ்க்கையே போதும் என்னும் நம் கல்லூரிச் சகோதரருக்கு ஒரு சொல். உடனிருப்பு நற்செய்திப் பணிக்கு இன்றியமையாதது. 1974-இல் லோசானில் கூடியவர்களே இதனை ஏற்றனர். ஆனால் வாய் திறவாத உடனிருப்பு மயிலாடும்பாறைப் பெரியவரின் வினாவுக்கு எவ்வாறு விடையளிக்கும்? அவர் நம் நடத்தையைக் கண்டு வியக்க வரவில்லை. ஒரு செய்தியின் பொருளைக் கேட்க வந்தார். நற்செயல் செய்கிறோம், ஏன் என்று சொல்லமாட்டோம் என்பதும் ஒருவகையில் எளியோரை மதியாமையே. யாழ்ப்பாணத்து டி. ரி. நைல்ஸ் நற்செய்திப் பணியை, உணவு கிடைக்குமிடத்தை ஓர் இரவலன் மற்றோர் இரவலனுக்குச் சொல்வதற்கு ஒப்பிட்டார். இரவலன் சொல்லத்தான் செய்கிறான். பக்கத்தில் நின்று சொல்கிறான். வழி விளங்காவிட்டால் மற்றவன் மறுபடியும் கேட்கலாம்.

நம் மதுரையில் பணியாற்றி 2005-இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு, மக்கள் அறிந்த நாட்டுப்புற மெட்டுகளில் பாடல்களை அமைத்தபோது செய்ததும் இதுவே. கேட்போர் உடனே பாட முடிந்தது. பாடுகிறவர் எதிர்க்குரலும் கொடுக்கலாம். பரட்டை என்று அவரை அன்புடன் அழைத்தவர்கள் அவரைச் சுற்றி அமர்ந்தார்கள், அண்ணாந்து பார்க்கவில்லை. தொலைக்காட்சியையும் யூடியூபையும் பற்றி இங்கு விரிக்கத் தேவையில்லை. அவை ஒலிபெருக்கியின் பிள்ளைகள். தகப்பனைக் குறித்துச் சொன்னது அவற்றுக்கும் பொருந்தும்.

எனவே பொது இடப் பிரசங்கம் வேண்டும் என்பதே நம் நிலை. அது மறுமொழிக்கு இடங்கொடுக்கும் பிரசங்கமாக இருத்தல் வேண்டும். இதற்கு நம் கல்லூரிகளே முதலில் திருந்த வேண்டும் என்பதையும் மறைக்கலாகாது. பிரசங்கக் கலையில் நாம் மாணவருக்கு வைக்கும் தேர்வு யாது? சிற்றாலயத்தில், உடன் மாணவர் முன்னிலையில், இருபது நிமிடப் பிரசங்கம். எவரும் குறுக்கிட மாட்டார். ஆசிரியர் கையில் மதிப்பெண் தாள். சந்தையில் ஒருவர் எழுந்து கேள்வி கேட்டால் நிற்கக்கூடியவரா என்பதை ஆண்டுகள் பலவாகியும் நாம் சோதித்ததில்லை. கோடை விடுமுறையில் மூன்றாம் ஆண்டு மாணவரை இருவர் இருவராக, ஒலிபெருக்கியின்றி, மூல வைகைக் கரையூர்களுக்கு மூன்று வாரம் அனுப்பலாம். ஓர் ஊருக்கு ஒரு வாரம் தங்கட்டும். எத்தனை ஊர்களில் பேசினர் என்று கேட்க வேண்டாம். மக்கள் கேட்ட கேள்விகளை எழுதிக் கொண்டுவரட்டும். விடை தெரியாதவற்றைத் தனித்தாளில் எழுதட்டும். அத்தாளுக்கே மதிப்பெண் இடலாம். அடுத்த பருவத்தின் இறையியல் வகுப்பை அதிலிருந்தே தொடங்கலாம். உணவும் படுக்க இடமும் தர அப்பகுதிச் சபையார் சிலர் இசைந்துள்ளனர். ஆசிரியர் குழுவில் இதனைத் தெரிவித்தபோது, மாணவர் வெயிலில் வாடுவரே என்னும் கவலையே முதலில் எழுந்தது.