வாழ்வு நிறைவது எப்போது?
(மணிமேகலையும் இவான் இலியீச்சும்: ஓர் ஒப்பு நோக்கு)

மனிதன் மாறக் கூடியவன் என்னும் நம்பிக்கை இல்லையேல் காப்பியமும் இல்லை; நாவலும் இல்லை. தொடக்கத்தில் கண்ட தலைவனே இறுதியிலும் அவ்வண்ணமே நிற்பானாயின் இடையில் உள்ள பக்கங்கள் எதற்கு? ஆயினும், மாற்றம் எங்கிருந்து வருகிறது, மாறியவர் அதன்பின் என்ன செய்கிறார் என்னும் வினாக்களுக்கு எல்லா நூல்களும் ஒரே விடையைத் தருவதில்லை. காலத்தாலும் நாட்டாலும் சமயத்தாலும் வெகு தொலைவில் நிற்கும் இரு நூல்களை அருகருகே வைத்து இவ்வினாக்களை எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று, சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை. மற்றொன்று, ருசிய எழுத்தாளர் டால்ஸ்டாய் 1886-இல் வெளியிட்ட 'இவான் இலியீச்சின் மரணம்' என்னும் குறுநாவல்.

டால்ஸ்டாயின் கதையை அரசு அலுவலகத்தில் கோப்புகளிடையே நாள் கழிக்கும் எவரும் நெஞ்சு பதையாமல் படித்து முடிக்க இயலாது. கதை தொடங்கும்போதே இவான் இலியீச் இறந்துவிட்டான். உடன் பணியாற்றிய நீதிபதிகள் அச்செய்தியை நாளிதழில் படிக்கிறார்கள். படித்ததும் அவர்கள் உள்ளத்தில் எழும் முதல் எண்ணம் யாது? காலியாகும் அந்த இடத்திற்கு யார் வருவார், அதனால் யாருக்கெல்லாம் உயர்வு கிட்டும் என்பதே. அவர்கள் கொடியவர்கள் அல்லர். நம்மைப் போன்றவர்கள். ஆசிரியரின் திறமை அங்கேதான் இருக்கிறது.

பிறகு ஆசிரியர் பின்னோக்கிச் சென்று அவன் வாழ்வைச் சொல்கிறார். சட்டக் கல்வி, மாகாண உத்தியோகம், தக்க இடத்தில் திருமணம், இடையில் பதவி உயர்வு தவறியதால் மனக்கசப்பு, பின்னர் ஆண்டுக்கு 5,000 ரூபிள் ஊதியத்தில் தலைநகரில் புதிய பதவி என ஒவ்வொன்றும் முறைப்படி நடக்கிறது. உயர்ந்தோர் எதை நன்று என்கிறார்களோ அதுவே அவனுக்கும் நன்று. புதிய வீட்டை அழகுபடுத்துகையில், திரைச்சீலையை எப்படித் தொங்கவிட வேண்டும் எனக் காட்டுவதற்காக ஏணியில் ஏறுகிறான், கால் இடறுகிறது, விலாப்புறத்தில் அடி படுகிறது. அச்சிறு வலியே வளர்ந்து, தனது 45-ஆம் வயதில் அவனைக் கொண்டு போகிறது. மருத்துவர் அவனிடம் பேசும் முறையைக் கவனியுங்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்பவனிடம் அவன் எப்படி முகம் கொடுக்காமல் பேசினானோ, அப்படியே அவர் அவனிடம் பேசுகிறார். முறையாக வாழ்ந்தவனுக்கு முறையாகவே பதில் கிடைக்கிறது, அன்பாகக் கிடைக்கவில்லை.

அவ்வீட்டில் அவன் சாகிறான் என்பதை மறைக்காத ஒரே மனிதன் கெராசிம் என்னும் உழவர் குடியில் வந்த பணியாள். எசமானனின் கால்களைத் தன் தோள்மீது தாங்கிக்கொண்டு இரவெல்லாம் அமர்ந்திருக்கிறான். அவனுக்கு அது பெரிய தியாகமாகத் தோன்றவில்லை. எல்லாரும் ஒருநாள் சாகத்தானே போகிறோம், இவ்வளவும் செய்யாவிட்டால் எப்படி என்பது அவன் எண்ணம். அத்தோள்களில்தான் இவானின் ஐயம் பிறக்கிறது: தான் வாழ்ந்த முறையே தவறோ? மூன்று நாள் ஓயாது அலறியபின், இறுதி நேரத்தில் அவன் கை பள்ளிச் சிறுவனான தன் மகனின் தலைமீது விழுகிறது. சிறுவன் அதைப் பற்றி முத்தமிட்டு அழுகிறான். அக்கணமே இவான் தன் வலியை விட்டுவிட்டு அவர்களுக்காக இரங்குகிறான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தும் நாக்குக் குழறி வேறு சொல் வருகிறது. திருத்திச் சொல்ல அவனுக்கு நேரமில்லை.

இனி நம் காப்பியத்திற்கு வருவோம். மணிமேகலையின் துறவு அவளுக்குத் தாய் மாதவி வகுத்துத் தந்த வழி. குலத்தொழிலுக்கு இழுப்பவள் பாட்டி சித்திராபதி. காதலால் பின்தொடர்பவன் சோழ இளவரசன் உதயகுமரன். இவர்களிடையே அவள் தனக்கென ஒரு மனமே இல்லாத பொம்மை என்று சிலர் குறை கூறுவர். அவர்கள் ஓரிடத்தை மறந்தனர். உவவனத்துப் பளிக்கறையில் ஒளிந்திருந்து, உதயகுமரன் அகன்றபின், தன்னை இழித்துப் பேசிய அவ்வயலான் பின்னேயே தன் நெஞ்சம் சென்றதென அவள் சுதமதியிடம் ஒளியாமல் சொல்கிறாள். ஆசையே இல்லாதவள் துறப்பதில் என்ன இருக்கிறது? ஆசை உண்டு என்று அறிந்தபின் வேறு வழி நடந்தாளே, அதுவே மாற்றம். அவன் வாளால் வெட்டுண்டு கிடந்தபோது அவள் கதறியதும் அந்நெஞ்சின் தொடர்ச்சியே.

மணிபல்லவத்தில் அவள் பழம்பிறப்பை உணர்கிறாள். கோமுகிப் பொய்கையில் அமுதசுரபியைப் பெறுகிறாள். ஆனால் பாத்திரம் கையில் வந்தவுடன் அள்ளி அள்ளிக் கொடுக்கத் தொடங்கிவிடவில்லை. முதலில் ஆதிரையின் வாயிலில் பிச்சைக்காரியாக நிற்கிறாள்; அவள் இட்ட சோற்றுக்குப் பின்னரே அது வற்றாத கலமாகிறது. அதன்பின் காயசண்டிகையின் தீராப் பசியைத் தணிக்கிறாள். உலக அறவியில் ஏழைகளை ஊட்டுகிறாள். சிறைக்குள் சென்று அங்குள்ளோர்க்கும் சோறிடுகிறாள். வேண்டியது கேள் என்று மன்னன் சொன்னபோது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக ஆக்குக என்று கேட்கிறாள். தன்னளவில் திருந்தியவள் ஓர் அரசின் நிலையத்தையே திருத்துகிறாள்.

இரு நூல்களையும் இணைக்கும் கண்ணி, என் கருத்தில், மணிமேகலையும் அன்று, இவானும் அன்று. அந்தப் பாத்திரத்திற்கு முன்பு உரியவனான ஆபுத்திரன். மதுரையில் சிந்தாதேவி தந்த அப்பாத்திரத்தால் பசித்தோரை ஊட்டி வந்தவன் அவன். இந்திரன் மழையைப் பெருக்கி நாட்டைச் செழிக்கச் செய்தவுடன், உண்ண வருவோர் இல்லாமல் போயினர். பசித்தோரைத் தேடிச் சாவக நாட்டுக்குக் கப்பல் ஏறியவன், மணிபல்லவத்தில் தனியே விடப்பட்டான். வற்றாத உணவு கையில் இருந்தது. பகிர்ந்துகொள்ள ஓர் உயிரும் இல்லை. தனக்காக மட்டும் அதில் உண்ண அவன் மனம் இசையவில்லை. பாத்திரத்தைப் பொய்கையில் விட்டு, உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்தான்.

இதை இவானின் வீட்டோடு ஒப்பிடுக. அங்கு மனைவி உண்டு, மக்கள் உண்டு, நண்பர் உண்டு. ஆனால் பகிரத்தக்க உண்மை எதுவும் அவர்களிடையே புழங்கவில்லை. ஆளற்ற தீவில் ஆபுத்திரன் பிறரை நினைத்தே இறந்தான். ஆள் நிறைந்த வீட்டில் இவான் தனியனாகவே கிடந்தான், கடைசி ஒரு மணிப்பொழுது நீங்கலாக. எனவே வாழ்வின் நிறைவைச் சூழ்ந்திருப்போர் எண்ணிக்கையாலோ, கலத்தில் உள்ளதன் அளவாலோ அளக்க முடியாது என்பதில் சாத்தனாரும் டால்ஸ்டாயும் ஒன்றுபடுகின்றனர்.

வேறுபாடுகளையும் மறைக்கலாகாது. மணிமேகலைக்குத் தெய்வம் வந்து வழிகாட்டுகிறது, மந்திரங்கள் காக்கின்றன. இறுதிக் காதைகளில் சமயக் கணக்கும் தருக்கமும் மிகுந்து, கவிதை மெலிகிறது என்ற குற்றச்சாட்டை நானும் மறுக்க மாட்டேன். டால்ஸ்டாயிடம் தெய்வம் நேரில் வருவதில்லை. வலி வருகிறது, ஒரு வேலைக்காரனின் தோள் வருகிறது. அதனால் அவர் நமக்கு அண்மையில் நிற்கிறார். ஆனால் மாறியபின் என்ன செய்வது என்பதற்கு அவர் கதையில் இடமில்லை; நாயகனுக்கு ஆயுள் முடிந்துவிடுகிறது. அந்த விடைக்கு நாம் சாத்தனாரிடமே திரும்ப வேண்டும். மாற்றத்தை உயிர்போகும் நேரத்துக்கு ஒத்திவைக்காமல், இளமையிலேயே தொடங்கி, தெருவிலும் அம்பலத்திலும் சிறையிலும் அன்றாட வேலையாக அதைச் செய்துகாட்டியவள் மணிமேகலை.

பிறந்த ஊரை விட்டு வந்து, மாற்றல் ஆணைகளுக்கும் குடியிருப்பு ஒதுக்கீட்டுக்கும் இடையே குடும்பம் நடத்தும் நாம், வாழ்வதைப் பெரும்பாலும் பின்னாளுக்கு ஒத்திவைக்கிறோம். மகள் திருமணம் முடியட்டும், ஓய்வு பெறட்டும், ஊரில் ஒரு வீடு கட்டட்டும் என்கிறோம். இவானும் திரைச்சீலை மாட்டி முடித்தபின் வாழலாம் என்றே இருந்தான். 1898-இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து நம் கையில் சேர்த்த காப்பியத்தை, தமிழை வீட்டுப் பேச்சாக மட்டும் அறிந்த நம் பிள்ளைகளுக்குக் கதையாகவேனும் இந்த ஆண்டே சொல்லத் தொடங்குவோம். அண்டை வீட்டில் யாருக்கேனும் உடல்நலம் குன்றியிருப்பின், அவர் கட்டிலருகே சிறிது நேரம் அமர்ந்துவிட்டு வந்து சொல்வோம். கதை அவர்களுக்கு இன்னும் நன்றாக விளங்கும்.