கேள்வியின் வேலைப்பாடு

ஆண்டி வார்ஹோல் 1962இல் தீட்டிய கேம்பெல் சூப் டப்பா ஓவியங்கள் எத்தனை என்று கேட்டால், 32 என்ற எண்ணோடு பேச்சு முடிந்துவிடும். ஏன் 32 என்று கேட்டுப் பாருங்கள். அந்நிறுவனம் அப்போது விற்ற சூப் வகைகள் அத்தனை. வகைக்கு ஓர் ஓவியம். மளிகைக் கடை அலமாரியே கலைக்கூடத்துக்குள் வந்துவிடுகிறது! அமெரிக்கக் கலை, நாகரிகம் பற்றிய வினாடி வினாவின் அழகு இப்படி அமைந்த கேள்வியில்தான் இருக்கிறது. ஜீன்ஸ் என்றதும் எல்லாரும் லீவை ஸ்ட்ராஸ் பெயரைச் சொல்வார்கள். பைகள் கிழியாதிருக்கச் செப்பு ரிவெட் அடித்தவர் யார் என்று கேட்டால், நெவாடா மாநிலத்து ரீனோ நகரத் தையற்காரர் ஜேக்கப் டேவிஸ் வெளிச்சத்துக்கு வருகிறார். தமக்குத் துணி விற்ற ஸ்ட்ராஸையே அவர் கூட்டாளியாக்கிக்கொண்டார். 1873இல் காப்புரிமை கிடைத்தது.

கைபேசி நொடியில் விடை சொல்லும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்பார்கள். மனப்பாடத்தை மட்டும் சோதிக்கும் கேள்விகளுக்கு அந்தக் குறை பொருந்தும். ஆனால் கைபேசி, கேட்டதற்குத்தான் விடை தரும். ரிவெட்டைப் பற்றிக் கேட்கத் தோன்றுவதற்கு, கால்சட்டைப் பையின் மூலையை ஒருவர் உற்றுப் பார்த்திருக்க வேண்டும்.